புழங்கு காசில் பழைய உரு



என் சட்டைப்பையில் இப்போது இரண்டு காசுகள் இருக்கின்றன. ஒன்று, 1960-இல் பிரான்சில் அச்சான 1 ஃபிராங்க். மற்றது 20 சென்ட் யூரோ. பேசி முடித்ததும் இரண்டையும் இந்த மேசைமேல் வைத்துவிடுவேன். வந்து கையிலெடுத்துப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் புதுச்சேரியில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பொங்கலன்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் காசு கொடுப்பார். ஒரு வருடம் சில்லறை தீர்ந்துபோய், கடைசியாக நின்ற என் கையில் இந்த ஃபிராங்கை வைத்தார். அதில் ஒரு பெண். தலையில் தொப்பி, தோளிலிருந்து தொங்கும் பை, வீசிய கை, பின்னால் பறக்கும் முடி. யார் தாத்தா இவள் என்று கேட்டேன். "நம்ம பாகூர்ல வெதை தெளிக்கிறாங்களே, அது மாதிரி வெதைக்கிறவ" என்றார். கடைக்காரர் அந்தக் காசை வாங்க மறுத்தார். அதனால் அது என்னிடமே தங்கிவிட்டது.

முப்பது வருடம் கழித்து, பிரான்சில் குடியேறிய அவர் மகள் ஊருக்கு வந்தபோது யூரோச் சில்லறை கொண்டுவந்தார். தொண்ணூறை நெருங்கிய தாத்தா ஒரு 20 சென்ட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அட, இவ இன்னும் நடந்துகிட்டுதான் இருக்கா" என்றார். ஃபிராங்க் போய்விட்டது. அவர் பணிசெய்த படையும் பழைய படையாக இல்லை. அந்தப் பெண் மட்டும் இருந்தாள். பழைய காசின் உருவத்தை மீண்டும் அன்றாடப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது என்றால் என்ன என்பதை நான் அந்தத் திண்ணையில்தான் கற்றேன். நூல்களெல்லாம் அதற்குப் பிறகு படித்தவை.

அவள் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆஸ்கார் ரோட்டி என்பவர் பதக்கம் செதுக்கும் கலைஞர். 1887-இல் பிரெஞ்சு வேளாண் அமைச்சகத்தின் பதக்கம் ஒன்றுக்காக விதைக்கும் பெண்ணை வரைந்தார். பதக்கம் உருவாகவில்லை. வரைவு கிடப்பில் போயிற்று. சில ஆண்டுகளில் அரசு வெள்ளிக் காசுகளுக்குப் புது உரு கேட்டபோது ரோட்டி அவளை எடுத்து வந்தார். 1897-இல் 50 சென்டிம் காசிலும், மறு ஆண்டு 1 ஃபிராங்க், 2 ஃபிராங்க் காசுகளிலும் அவள் ஏறினாள். அதற்கு முன் அந்த நாட்டுக் காசுகளில் பெரும்பாலும் ஏதேனும் ஒரு தலை இருக்கும்: அரசன் தலை, பேரரசன் தலை, தானியத் தெய்வமான சீரிஸின் தலை. வயலில் இறங்கி நடக்கிற ஒருத்தியைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வந்தது. முடி பின்னால் பறக்கிறதே, அப்படியானால் எதிர்காற்றில் அல்லவா விதைக்கிறாள், எந்த விவசாயி அப்படிச் செய்வான் என்று கேட்டார்கள். சூரியன் ஒரு பக்கம், வெளிச்சம் ஒரு பக்கம் என்றும் குறை சொன்னார்கள். விதை தெளித்துப் பழகிய நம்மூர்க் கையும் இந்தக் குறையை ஒப்புக்கொள்ளும். ஆனாலும் மக்கள் அவளை ஏற்றுக்கொண்டார்கள். 1903 முதல் அஞ்சல் தலையிலும் அவள் வந்தாள்.

முதல் உலகப் போர் வெள்ளியின் விலையை ஏற்றியது. காசின் மதிப்பைவிட அதிலுள்ள உலோகத்தின் மதிப்பு கூடிவிட்டால் காசு கடையிலிருந்து மறைந்து பெட்டிக்குள் போய்விடும். வெள்ளி விதைப்பவள் 1920-ஓடு நின்றாள். அவள் இடத்தில் வந்தவை வெண்கலக் கலவைக் காசுகளும் அலுமினியக் காசுகளும். இரண்டாம் போரில் நாடு ஜெர்மனியிடம் வீழ்ந்தபின் அமைந்த விஷி அரசு காசிலிருந்து 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்ற சொற்களையே எடுத்துவிட்டு 'உழைப்பு, குடும்பம், தாயகம்' என்று பொறித்தது. போர் முடிந்து பழைய சொற்கள் திரும்பின. பணத்தின் மதிப்பு மட்டும் கரைந்துகொண்டே போயிற்று.

1960 ஜனவரி 1 அன்று டெ கோல் அரசு பழைய 100 ஃபிராங்கை 1 புதிய ஃபிராங்க் ஆக்கியது. இரண்டு சுழி ஒரே நாளில் காணாமல் போனது. மக்களுக்கு அது எவ்வளவு பெரிய குழப்பம் என்றால், பல ஆண்டுகள் கழித்தும் வீட்டு விலையைப் பழைய ஃபிராங்கில்தான் சொன்னார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த அரசும் 'புதிய காலம், புதிய உரு' என்றுதான் யோசிக்கும். பிரெஞ்சு அரசு அப்படிச் செய்யவில்லை. 1897-இல் வந்த பெண்ணையே திரும்ப அழைத்தது. வெள்ளியில் 5 ஃபிராங்க், நிக்கலில் 1 ஃபிராங்க், 1965-இல் அரை ஃபிராங்க். எல்லாவற்றிலும் அவளே. பாட்டி காலத்தில் மதிப்போடு இருந்த காசின் முகம் பேரன் கையில் வந்தது. கணக்கு மாறியிருந்தாலும் முகம் தெரிந்த முகம். ரொட்டிக் கடையில் ஒருவர் அதைத் தயங்காமல் வாங்க அது உதவியது. 2001 வரை நாற்பது ஆண்டுகள் அவள் நடந்தாள். 2002-இல் யூரோ வந்தபோது 10, 20, 50 சென்ட்டுகளுக்காக லாரன்ட் ஜோரியோ அவளை மறுபடி வரைந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவளை ஏற்றியது 2 யூரோவில் அல்ல, தங்கத்திலும் அல்ல. ரொட்டி வாங்கி மீதி வாங்கும் சில்லறையில்.

காசின் உருவத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவை நம்மைப்போல் பட்டு உணர்ந்தவர்கள் குறைவு. முகலாய முறையில் வெள்ளி ரூபாயில் பேரரசரின் ஆட்சியாண்டு இருக்கும். அதில் ஒரு சிக்கல். காசு தேயாமலே இருந்தாலும், ஆண்டு பழையதானால் சராப்புக் கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். வரி கட்டப் போகும் குடியானவருக்கு ஒவ்வொரு ரூபாயிலும் இழப்பு. வங்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. எந்த ஆண்டில் அச்சிட்டாலும் பேரரசர் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு என்றே பொறித்தது. ஆண்டு நின்றுவிட்டால் பழைய காசு, புதுக் காசு என்ற பேச்சே இல்லை அல்லவா? கம்பெனியின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் உருவத்தை மாற்றாமல் வைப்பதற்கு உள்ள வலிமையை அவர்கள் புரிந்துகொண்டார்கள். சென்னைத் தங்கசாலையில் அவர்கள் அடித்த வராகனில் வேங்கடவன் தேவியரோடு நின்றதும் இதே காரணத்தால்தான். விஜயநகரக் காலத்திலிருந்து கைக்குப் பழகிய உரு அது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் அவர்களுடைய லில்லிப்பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று இருந்தது. வாங்குகிறவன் படிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பழகிய உருவின் இந்த வலிமைக்கு உலகில் பெரிய சாட்சி மரியா தெரசா தாலர். ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா 1780-இல் இறந்தார். அவர் உருவம் பொறித்த வெள்ளித் தாலர் செங்கடலின் இரு கரையிலும், அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும், காப்பி வணிகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த வணிகர்கள் வேறு முகத்தை ஏற்கவில்லை. ஆகவே அவர் இறந்த பிறகும், 1780 என்ற ஆண்டோடு, அதே முகத்தோடு, காசு அடிக்கப்பட்டது. வியன்னாவில் மட்டுமல்ல, ரோமில், லண்டனில், பாரிசில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் பம்பாய் நாணயச் சாலையிலும் அடித்தார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நாணயத்தைக் கடையில் நீட்டி, வேண்டாம் என்ற பதிலை வாங்காதவர் இந்த அவையில் இருக்கிறீர்களா? ஒரு முறை பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் இரண்டு பத்து ரூபாய் நாணயங்கள் மட்டுமே இருந்தன. நடத்துநர் வாங்க மாட்டேன் என்றார். அந்த அம்மா முந்தானையில் முடிந்திருந்ததை மறுபடி முடிந்துகொண்டு தலைகுனிந்தார். நான் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அந்தத் தலைகுனிவு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையில் இருந்தது இந்திய அரசின் காசு. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி ஓர் அறிவிப்பே வெளியிட வேண்டியிருந்தது: 10 ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வெளிவந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று. வதந்தி கிளம்பியதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒரே மதிப்புள்ள காசுக்குப் பதினான்கு முகம் இருந்தால், எது நல்லது எது கள்ளம் என்று பூக்காரம்மா எப்படிச் சொல்வார்? நூற்றாண்டு விழா, பொன்விழா என்று ஆண்டுக்கு ஒரு நினைவு உருவைப் புழங்கு காசில் ஏற்றிக்கொண்டே போனதன் விலையை அவர்தான் கொடுத்தார்.

ஆகவே பழைய உருவை மீட்க வேண்டும் என்று நான் கேட்கும்போது, இன்னொரு நினைவு நாணயத்தை, பதினைந்தாவது முகத்தை, நான் கேட்கவில்லை. முகங்களைக் குறைத்து, நன்கு தேர்ந்த ஒன்றை வைத்து, அதைத் தலைமுறைக் கணக்கில் மாற்றாமல் விடுங்கள் என்கிறேன்.

இதில் தவறிய நாட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தம் நாட்டுக் காசுகளில் கலையே இல்லை என்று வருந்தியவர். பண்டைய கிரேக்கக் காசுகளைப் பார்த்துவிட்டு, இப்படி நமக்கு ஏன் இல்லை என்று கேட்டு, சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸை அழைத்தார். அங்கே தொடங்கிய அலையில் பத்தே ஆண்டுகளில் அந்த நாட்டின் சில்லறை முழுவதும் மாறிற்று. 1913-இல் ஃபிரேசர் செதுக்கிய 5 சென்ட்: ஒரு பக்கம் பழங்குடி மனிதரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. 1916-இல் வைன்மேனின் 10 சென்ட்: சிறகு வைத்த தொப்பியணிந்த சுதந்திர தேவி. அந்தச் சிறகு சிந்தனைச் சுதந்திரத்துக்கு. மக்களோ ரோமத் தெய்வம் மெர்க்குரி என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெயரையே நிலைக்க வைத்துவிட்டார்கள். அதே வைன்மேனின் அரை டாலரில் சுதந்திர தேவி சூரியனை நோக்கி நடக்கிறாள். விதைப்பவளின் தங்கை என்றே அவளைச் சொல்லலாம். மெக்நீலின் கால் டாலரில் அவள் வாயிலில் நிற்கிறாள். ஒரு நாட்டின் சாதாரண மக்கள் இவ்வளவு நல்ல சிற்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலம் உலகில் அதிகம் இல்லை.

ஒவ்வொன்றாகப் போயிற்று. 1932-இல் கால் டாலரில் வாஷிங்டன் வந்தார். 1938-இல் காட்டெருமை போய் ஜெபர்சன், 1946-இல் சிறகுத் தொப்பி போய் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1948-இல் நடக்கும் தேவி போய் பெஞ்சமின் பிராங்க்ளின். எல்லோரும் பெரியவர்கள்தான். ஆனால் சில்லறை முழுவதும் தலைவர்களின் தலை வரிசையாகிவிட்டது.

பிறகு அந்த நாட்டுக்கே ஏக்கம் வந்தது. 1986-இல் நடக்கும் தேவியை ஒரு அவுன்ஸ் வெள்ளி முதலீட்டு நாணயத்தில் மீட்டார்கள். 2006-இல் காட்டெருமையைச் சுத்தத் தங்கத்தில். 2016-இல் நூற்றாண்டு நினைவாக 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் மூன்றையும் தங்கத்தில். 2021-இல் பழைய மார்கன் டாலர், சமாதான டாலர் இரண்டையும் வெள்ளியில், சேகரிப்பவர்களுக்காக. பார்த்தீர்களா? மீட்ட ஒவ்வொன்றும் பெட்டகத்துக்குப் போனது. ஒன்றுகூடக் கடைக்கு வரவில்லை. 10 சென்ட் என்பது மிட்டாய் வாங்கும் காசு. அதைத் தங்கத்தில் அடித்து வெல்வெட் பெட்டியில் வைத்தால், ஒரு குழந்தையும் அதைத் தொடப்போவதில்லை. மீட்டவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அது மீட்பு அல்ல என்பது என் உறுதியான கருத்து.

மக்கள் சில்லறையைப் பார்க்கவே மாட்டார்கள், உருவம் எதுவானால் என்ன என்று ஒரு வாதம் உண்டு. அதே அமெரிக்கா அதைப் பொய்யாக்கியது. 1999 முதல் 2008 வரை ஐம்பது மாநிலங்களுக்கும் ஒவ்வொரு உருவோடு கால் டாலரைப் புழக்கத்தில் விட்டார்கள். வீட்டுக்கு வீடு அட்டையில் துளையிட்டுக் குழந்தைகள் அவற்றைச் சேர்த்தார்கள். பார்க்கத் தகுந்ததைக் கொடுத்தால் மக்கள் பார்ப்பார்கள்.

இனித் தொழில் பக்கம். பழைய உருவை அப்படியே எடுத்துப் புது எந்திரத்தில் போட முடியாது. செயின்ட் காடன்ஸ் 1907-இல் செய்த 20 டாலர் தங்கக் காசின் மேடு அவ்வளவு உயரம். ஒரு காசுக்கே பலமுறை அடி கொடுக்க வேண்டியிருந்தது. புழக்கத்துக்கு விடும்போது மேட்டைக் குறைத்தார்கள். காட்டெருமைக் காசில் ஆண்டு எண் மேடான இடத்தில் இருந்ததால் அதுதான் முதலில் தேய்ந்தது. ஆண்டே இல்லாத காட்டெருமைகள் இன்றும் ஏராளம். கால் டாலரிலும் அதே சிக்கல் வந்து, 1925-இல் எண்ணைப் பள்ளத்தில் இறக்கினார்கள். இன்றைய எந்திரம் நிமிடத்துக்கு 700 காசு அடிக்கிறது, அடி ஒன்றுதான். ஆகவே உருவம் தாழ வேண்டும், தடித்த கோடு வேண்டும், எண் காப்பான இடத்தில் இருக்க வேண்டும். ஜோரியோ விதைப்பவளை அப்படியே படியெடுக்காமல் மறுபடி வரைந்ததற்கு இதுவும் காரணம். படியெடுப்பதைவிடக் கடினமான வேலை அது. நம் ஊரில் செப்புத்திருமேனி வார்க்கும் ஸ்தபதிக்கு இது விளங்கும். அளவு சுருங்கினால் எதை விட வேண்டும், எதை விடவே கூடாது என்று தெரிந்த கை வேண்டும்.

செலவு பற்றியும் கேட்பார்கள். காசு அடிக்கும் அச்சு தேயும் பொருள். லட்சக்கணக்கில் அடித்ததும் மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்த அச்சில் வேறு உரு இருப்பதால் உலோகம் அதிகமாகாது, எடையும் அதிகமாகாது. காசு போட்டு எடுக்கும் எந்திரங்கள் படத்தைப் பார்ப்பதில்லை. விட்டம், தடிமன், உலோகக் கலவை இவற்றைத்தான் அளக்கின்றன. பார்வையற்றவர்கள் காசை அறிவது அளவாலும் விளிம்பாலும். 20 சென்ட்டின் விளிம்பில் ஏழு பள்ளங்கள் இருப்பது அதற்காகத்தான். உருவம் திரும்புவதற்காக இவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை.

பழங்காசின் உருவைப் புழக்கத்தில் வைத்த வேறு நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் 1 யூரோவில் இருக்கும் ஆந்தை, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நாலு திராக்மாக் காசிலிருந்து வந்தது. அந்த ஊரில் காப்பிக்கு அதைத்தான் நீட்டுகிறார்கள். அயர்லாந்து 1928-இல் கவிஞர் யேட்ஸ் தலைமையில் குழு வைத்து, பெர்சி மெட்காஃபின் விலங்கு உருக்களைத் தேர்ந்தது. 1971-இல் பத்தின் மடங்குக் காசுகளுக்கு மாறவிருந்ததை ஒட்டி அரை கிரௌனின் குதிரை ஓய்வு பெற்றது. 1986-இல் 20 பென்ஸில் அது திரும்ப ஓடியது. இஸ்ரேல் தன் காசுகளில் பண்டைய யூதக் காசுகளின் அல்லியையும் பேரீச்ச மரத்தையும் வைத்திருக்கிறது.

விதைப்பவளுக்கு என்ன ஆயிற்று? 2024-இல் பிரான்ஸ் அவளை இறக்கிவிட்டது. 10 சென்ட்டில் சிமோன் வேய், 20-இல் ஜோசபின் பேக்கர், 50-இல் மேரி கியூரி. நாசி முகாமிலிருந்து மீண்டு வந்து சட்டம் இயற்றியவர் ஒருவர், கறுப்பினக் கலைஞராகவும் விடுதலைப் போராளியாகவும் வாழ்ந்தவர் ஒருவர், அறிவியலில் இரண்டு நோபல் பெற்றவர் ஒருவர். மூவரையும் வணங்குகிறேன்.  அந்த மூவருக்கும் 1, 2 யூரோக்களில் இடம் கொடுத்திருக்கலாம். விதைப்பவள் பெயருள்ள ஒருத்தி அல்ல. யாரும் தன் பாட்டி என்று நினைத்துக்கொள்ளக்கூடியவள். அவளை இறக்கியது தவறு என்றே கருதுகிறேன். ஏற்கனவே அடித்தவை செல்லும். ஆகவே இன்னும் சில பத்தாண்டுகள் அவள் கல்லாப்பெட்டிகளில் இருப்பாள்.

நமக்கு இதில் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். உங்கள் பையிலுள்ள ரிசர்வ் வங்கித் தாள் ஒன்றை எடுங்கள். அதில் வங்கியின் முத்திரையைப் பாருங்கள். புலி, பின்னால் ஒரு பனை. கம்பெனியின் இரட்டை மொகரா என்னும் தங்கக் காசில் இருந்த சிங்கமும் பனையும்தான் அதற்கு மூலம். சிங்கத்தைவிடப் புலியே இந்தியாவுக்கு உரியது என்று மாற்றினார்கள். ஆக, ஒரு பழைய காசின் உரு நம் எல்லோர் பையிலும் இப்போதே இருக்கிறது. யாரும் நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: 1947-இன் ரூபாய்க் காசில் பூப்பக்கம் புலி நின்றது. 1950 ஆகஸ்டில் குடியரசின் காசுகள் வந்தபோது தலைப்பக்கம் அரசர் போய் சாரநாத்தின் சிங்கங்கள் வந்தன; பூப்பக்கம் புலி போய்த் தானியக் கதிர் வந்தது. பசியோடு விடுதலை பெற்ற நாடு கதிரை வைத்தது மிகச் சரி.

நம் பழங்காசுகளில் எதை மீட்கலாம்? சாதவாகனர் காசில் பாய்மரக் கப்பல் இருக்கிறது. சமுத்திரகுப்தர் காசில் அரசர் வீணை வாசிக்கிறார். பல்லவர் காசில் காளை. இவற்றுள் எது எந்த மதிப்புக்கு என்பதை அறிஞர் குழு ஆராயட்டும். என் விருப்பத்தை மறைக்கப்போவதில்லை. ராஜேந்திர சோழர் காசில் புலி அமர்ந்திருக்கும், முன்னால் பாண்டியரின் இரண்டு கயல், பக்கத்தில் சேரரின் வில், மேலே குடை. எழுத்து நாகரியில் இருக்கும். மூன்று நாட்டையும் ஒரு விரல் நகத்தளவில் அடக்கிய அந்தச் செதுக்கரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ராஜேந்திரரின் தந்தை தலைமுறையில், ராஜராஜர் பெயரோடு ஈழத்தில் ஓடிய நிற்கும் அரசன் காசை, சோழர் ஆட்சி போன பிறகும் அந்நாட்டு மன்னர்கள் தங்கள் பெயரைப் பொறித்துத் தொடர்ந்தார்கள். பராக்கிரமபாகு வரையும் அதற்கு அப்பாலும் அது தொடர்ந்தது. வென்றவன் பெயரில் ஓடிய உருவையும் மக்கள் தம்முடையதாகவே வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2010-இல் ஆயிரமாண்டு நிறைந்ததன் நினைவாக 5 ரூபாயும் 1000 ரூபாயும் வெளிவந்தன. 1000 ரூபாய்க் காசைப் பார்த்தவர்கள் இந்த அவையில் ஓரிருவர் இருப்பீர்கள். 5 ரூபாயை எத்தனையோ பேர் கையில் வைத்திருந்திருப்பீர்கள், கவனித்தோ கவனிக்காமலோ. புழங்கு காசில் நினைவு உரு வேண்டாம் என்பவன் நான்; ஆனாலும் வந்த இரண்டில் அந்த 5 ரூபாய்தான் பெரிய கோயிலுக்குச் செய்த மரியாதை.

செல்போனில் பணம் போகும் காலத்தில் காசையே யார் தொடுகிறார்கள் என்பது நியாயமான கேள்வி. தேநீருக்கும் இப்போது கட்டம் போட்ட அட்டையைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு காசு மட்டும் நம் ஊரில் விலகவில்லை. கல்யாண மொய் 100 என்று யாரும் எழுதுவதில்லை, 101. 500 இல்லை, 501. அதற்காக மொய் உறையின் நெற்றியிலேயே 1 ரூபாய்க் காசை ஒட்டி விற்கிறார்கள். முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான 1 ரூபாய்கள் கைமாறுகின்றன. தாம்பூலத்தட்டிலும், கோயில் உண்டியலிலும், கண்மூடியவரின் நெற்றியிலும் வைப்பது அந்தக் காசுதான். சந்தையில் அதற்கு மதிப்பு குறைந்திருக்கலாம். நம் வாழ்வில் அதன் இடம் குறையவில்லை. பழைய உரு திரும்ப வேண்டியது அங்கேதான்.

நாணயச் சட்டப்படி காசின் உருவை முடிவுசெய்வது மத்திய அரசு. ஆகவே நிதி அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வந்திருக்கிறேன். கேட்பது இரண்டு. புழங்கு காசில் நினைவு உருக்களை ஏற்றுவதை நிறுத்த வேண்டும். அடுத்த வரிசையில் 1 ரூபாய்க்குப் பழங்காசு ஒன்றின் உருவைத் தேர்ந்து, குறைந்தது 25 ஆண்டுகள் மாற்றாமல் வைக்க வேண்டும். 25 என்பது நான் கண்டுபிடித்த எண் அல்ல. அமெரிக்காவில் 1890-இலேயே அப்படி ஒரு சட்டம் உண்டு. விண்ணப்பத்தாள் இந்த மேசைமேல், இரண்டு காசுகளுக்கும் பக்கத்தில் இருக்கும். வந்து காசைத் தொட்டுப் பாருங்கள். தாளைப் படித்துப் பாருங்கள். உடன்படுகிறவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.